சுவர் இருந்தால்தான் சித்திரம்: காயம்படும் கூடைப்பந்து வீரரை மதிப்பிடும் கணக்கு

மூன்றாமாண்டு மாணவர், புள்ளியியல் துறை

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. திறமை எவ்வளவு இருப்பினும் உடல் ஒத்துழைக்கவில்லை என்றால் அத்திறமை வெளிப்பட வழியில்லை என்பது இதன் கருத்து. ஆனால் சுவரில் விரிசல் இருக்கிறது. அதில் எழுதப்படும் சித்திரமோ மிக அழகாக இருக்கிறது. அப்போது என்ன விலை கொடுக்கலாம்? இக்கேள்விக்குப் பழமொழியில் விடை இல்லை. புள்ளியியலில் ஓரளவு விடை உண்டு. அவ்விடையையும், அதைத் தேடுகையில் நான் செய்த பிழையையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்பனை அணி ஆட்டம்

ஆங்கிலத்தில் ஃபேன்டசி என வழங்கும் கற்பனை அணி ஆட்டத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். நண்பர்கள் சிலர் கூடி, உண்மையில் ஆடிவரும் விளையாட்டு வீரர்களை முறை வைத்துத் தத்தம் அணிக்குப் பங்கிட்டுக்கொள்வர். அவ்வீரர்கள் மெய்யான ஆட்டங்களில் எடுக்கும் எண்களே கற்பனை அணியின் எண்கள். 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரும் அவர் நண்பர்களும் பேஸ்பால் விளையாட்டுக்கு இதற்கென ஒரு முறையை வகுத்தனர். அவர்கள் கூடிப் பேசிய நியூயார்க் உணவு விடுதியின் பெயரால் அம்முறைக்கு ரோட்டிசரி என்ற பெயர் வந்தது. பின்னர் அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வின் ஆட்டங்களுக்கும் இது பரவிற்று.

நான் முதலாமாண்டு படித்த 2023 அக்டோபரில், எங்கள் விடுதியில் பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்குப் பதின்மூன்று வீரர் என இவ்வாட்டத்தை ஆடினோம். பந்தயப் பணம் ஏதுமில்லை. தோற்றவர் பருவ முடிவில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித்தர வேண்டும், அவ்வளவே. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட நடுவண் சட்டம் தடை செய்துள்ளது. நான் பேசுவது அதைப் பற்றியன்று. கணக்கைப் பற்றி மட்டுமே.

எங்கள் மதிப்பெண் முறை பரவலாக வழங்கும் ஒன்று. வீரர் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 1. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு 1.2; கூட்டாளி கூடை போடத் துணைசெய்யும் அசிஸ்டுக்கு 1.5, பந்தைப் பறித்தாலோ எறிபந்தைத் தடுத்தாலோ 3, பந்தை எதிரணியிடம் இழந்தால் 1 கழியும்.

சராசரியா, கூட்டுத்தொகையா?

என் முறை வந்தபோது நான் தேர்ந்தெடுத்தவர் பிலடெல்பியா அணியின் ஜோயல் எம்பீட். கேமரூன் நாட்டில் பிறந்தவர், ஏழடி உயரத்தவர், 2022-23 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 33.1 புள்ளிகள் எடுத்து மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர். அடிக்கடி காயம்படுபவர் என்பதும் ஊரறிந்த செய்தி.

2023-24 பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 34.7 புள்ளி, 11.0 ரீபவுண்டு, 5.6 அசிஸ்ட், 1.2 பறிப்பு, 1.7 தடுப்பு எடுத்தார், 3.8 முறை பந்தை இழந்தார். எங்கள் முறைப்படி கூட்டினால் ஆட்டத்துக்கு 61.2 மதிப்பெண். அதே பருவத்தில் டென்வர் அணியின் நிகோலா யோகிச்சுக்கு 58.7, சாக்ரமென்டோ அணியின் டோமன்டாஸ் சபோனிசுக்கு 49.3. சராசரியை மட்டும் பார்ப்பவர் மூவரில் எம்பீடே முதல்வர் என்பார்.

ஆனால் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். அவற்றில் சபோனிஸ் எண்பத்திரண்டிலும் ஆடினார். யோகிச் 79-இல் ஆடினார். எம்பீட் ஆடியவை 39. கூட்டுத்தொகை காண்போம். யோகிச் 4637, சபோனிஸ் 4043, எம்பீட் 2387. முதல்வர் கடைசிக்குப் போய்விட்டார். சராசரி என்பது ஆடிய நாள்களைப் பற்றி மட்டும் பேசும்; ஆடாத நாள்களைப் பற்றி வாய் திறக்காது. எதனால் வகுத்தோம் என்று கேளாமல் சராசரியை ஏற்கக்கூடாது என்ற முதல் பாடம் இதுவே.

காலியிடம் காலியாக இருப்பதில்லை

இப்படிக் கூட்டிப் பார்த்து, எம்பீட் சபோனிசுக்கு நிகராக வேண்டுமானால் 66 ஆட்டங்கள் ஆட வேண்டும் என்று நான் கணக்கிட்டேன் (4043-ஐ 61.2-ஆல் வகுத்தால் கிடைப்பது). அறைத்தோழன் ஒருவன், வணிகவியல் படிப்பவன், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன்டா, உன் ஆளு ஆடாத அன்னிக்கு அந்த இடத்துல யாரும் ஆட மாட்டாங்களா? சும்மா கிடக்கிற ஒருத்தனைப் போட்டுக்கலாம்ல?"

அவன் கேட்டது முற்றிலும் சரி. எவரும் எடுக்காமல் விட்ட வீரர்கள் பலர் எப்போதும் இருப்பர். எம்பீட் இல்லாத நாளில் அவர்களில் ஒருவரை இறக்கலாம். அத்தகைய மாற்று வீரர் ஆட்டத்துக்கு 25 மதிப்பெண் தருவதாகக் கொள்வோம். அப்போது எம்பீடின் இடத்துக்குக் கிடைப்பது 39 ஆட்டங்களுக்கு 2387, எஞ்சிய 43 ஆட்டங்களுக்கு 1075, ஆக 3462. சபோனிசுக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 1656-இலிருந்து 581 ஆகச் சுருங்கிவிட்டது.

நிகராகும் எல்லையும் இறங்கிவிடுகிறது. எம்பீட் ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கையை n என்க.

61.2 n + 25 (82 - n) = 4043

இதைத் தீர்த்தால் n ஏறத்தாழ 55. அதாவது 66 அல்ல, 55 ஆட்டங்கள் ஆடினாலே எம்பீட் சபோனிசுக்கு நிகர். மாற்று வீரரின் மதிப்பை 30 எனக் கொண்டால் 51 ஆட்டங்களே போதும். ஆடுவோர் குறைந்த சிறு குழுவில் எடுக்கப்படாத நல்ல வீரர் பலர் இருப்பர். அங்கே காயம்படும் வீரரைத் துணிந்து எடுக்கலாம். ஆடுவோர் மிகுந்த குழுவில் மாற்று மலிவாகக் கிடைக்காது. அங்கே அஞ்சுவதே அறிவுடைமை. வீரரின் மதிப்பு வீரரிடம் மட்டும் இல்லை, அவருக்கு மாற்று யார் என்பதிலும் இருக்கிறது என்பது இரண்டாம் பாடம்.

இங்கு ஒரு விதியை மறக்கலாகாது. நாள்தோறும் அணியை மாற்றலாம் என்று விதி இருந்தால்தான் இக்கணக்கு முழுமையாகப் பலிக்கும். வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்றால், வார நடுவில் திடீரென விலகும் வீரரின் இடம் சுழியாகவே நிற்கும். முன்னறிவித்த விலகலுக்கும் திடீர் விலகலுக்கும் வேறுபாடு உண்டு. 2018-19 பருவத்தில் டொரான்டோ அணி தன் வீரர் கவாய் லெனர்டுக்கு, அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம் வரும்போது ஒன்றில் ஓய்வு கொடுத்தது. அவர் ஆடியவை 60 ஆட்டங்களே, சராசரி 26.6 புள்ளிகள், அவ்வாண்டு அந்த அணியே வாகை சூடிற்று. அட்டவணையைப் பார்த்து ஊகிக்கக்கூடிய ஓய்வு கற்பனை அணிக்காரருக்குச் சிறு நட்டமே.

எந்த ஆண்டுகளை எண்ணுவது?

55 ஆட்டங்கள் ஆடினால் போதும். ஆடுவாரா என்பதே இனிக் கேள்வி. இங்குதான் நான் சறுக்கினேன்.

2023-24-க்கு முந்தைய ஐந்து பருவங்களில் எம்பீட் ஆடியவை முறையே 64, 51, 51, 68, 66, மொத்தம் 300. நடுவில் இரு பருவங்கள் கொள்ளைநோயால் சுருங்கியவை. ஆகவே அவ்வைந்து பருவங்களிலும் அவரது அணி ஆடிய மொத்தம் 391 ஆட்டங்கள். விகிதம் 76.7 விழுக்காடு. 82-க்கு மாற்றினால் 63 ஆட்டங்கள். மேலும், ஒவ்வொரு பருவத்தையும் தனித்தனியே 82-க்கு மாற்றினாலும் ஒன்றுகூட 55-க்குக் கீழே வரவில்லை. "பார்த்தாயா!" என்று தோழனிடம் மார்தட்டினேன்.

அவன் கேட்டான்: "அதுக்கு முந்தின வருஷமெல்லாம் எங்கடா போச்சு?"

2014-இல் மூன்றாவது வீரராகத் தேர்வு செய்யப்பட்ட எம்பீட், பாதத்தின் நடுவிலுள்ள படகு வடிவ எலும்பு முறிந்ததால் முதல் இரு பருவங்களில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மூன்றாம் பருவத்தில் 31, நான்காவதில் 63. இவற்றையும் சேர்த்தால் ஒன்பது பருவங்களில் 719-க்கு 394, விகிதம் 54.8 விழுக்காடு, 82-க்கு 45 ஆட்டங்கள்.

ஐந்தாண்டுக் கணக்கில் 63. ஒன்பதாண்டுக் கணக்கில் 45. எல்லையோ 55. ஒரே மனிதர், ஒரே ஏடு. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை எல்லைக்கு மேலும் போகிறது, கீழும் போகிறது. ஐந்தாண்டு என்பதை நான் காரணம் கண்டு தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு எம்பீட் வேண்டும். ஐந்து என்ற எண் எனக்கு எம்பீடைத் தந்தது. கணக்கு என் விருப்பத்துக்குச் சாட்சி சொல்லிற்று, அவ்வளவே. கூறெடுக்கும் முன்பே எதைக் கூறாகக் கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும் என வகுப்பில் படித்ததன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

காயங்களும் ஒரே இனமல்ல

ஆண்டுகளை எண்ணுவதைவிடக் காயங்களின் தன்மையை ஆராய்வது மேல். எம்பீடின் காயங்களை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, தற்செயல் விபத்து. 2018 மார்ச்சில் தம் அணி வீரர் மீதே மோதி இடக்கண்ணைச் சுற்றிய எலும்பு முறிந்தது. இது யாருக்கும் நேரலாம். அடுத்த ஆண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு, அறுவை முடிந்து ஆறிய எலும்பு முறிவு. தொடக்க கால பாதமுறிவு இத்தகையது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் எடை குறையும். மூன்று, ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப வருவது. 2017-இல் அவரது இட முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்து அறுவை நடந்தது. 2024-இல் அடிபட்டதும் அதே இட முழங்கால்.

மூன்றாம் வகையே மதிப்பீட்டில் மிகுந்த எடை பெறவேண்டியது. ஏனெனில் அது ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி ஆட்டத்தின் தரத்தையும் குறைக்கும். 2024-25-இல் எம்பீட் ஆடியவை 19 ஆட்டங்களே, சராசரியும் 34.7 புள்ளியிலிருந்து 23.8-க்கு இறங்கிவிட்டது. சராசரியை எண்ணிக்கையால் பெருக்கும்போது அவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று நாம் சொல்லாமலே கொள்கிறோம். முழங்கால் அப்படிக் கொள்வதில்லை.

அதே வேளை, காயக்காரர் என்ற பெயர் ஒருவரது தலையெழுத்தும் அன்று. கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கரி, கணுக்கால் நோவால் 2011-12-இல் 66-க்கு 26 ஆட்டங்களே ஆடினார். இரண்டு முறை அறுவை நடந்த அக்கணுக்காலை நம்பலாமா என்று பலர் ஐயுற்ற 2012 அக்டோபரில், அவர் நான்காண்டுக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த நான்கு பருவங்களில் அவர் ஆடியவை 78, 78, 80, 79. 2015-லும் 2016-லும் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். அவரை மலிவாக மதிப்பிட்டவர்களும் கடந்த ஆண்டுகளின் சராசரியைத்தான் பார்த்திருப்பர்.

ஜனவரி 30

2024 ஜனவரி 22-ஆம் நாள் எம்பீட் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் எடுத்தார். அன்று விடுதியில் என் கால் தரையில் பாவவில்லை. 27-ஆம் நாள் டென்வரில் யோகிச்சை எதிர்த்து ஆட வேண்டிய ஆட்டத்தில் முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் விலகினார். யோகிச்சுக்கு அஞ்சி ஒளிகிறார் என்று அமெரிக்காவில் ஏசினர். அப்பருவத்தில் என்.பி.ஏ. ஒரு புதிய விதியும் கொண்டுவந்திருந்தது: 65 ஆட்டங்களாவது ஆடாதவர்க்குப் பெரிய விருதுகள் இல்லை. எம்பீட் விட்ட ஒவ்வோர் ஆட்டத்தையும் நாளேடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நானும் எண்ணிக்கொண்டிருந்தேன், என் எண் 55.

ஜனவரி 30 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அவர் களமிறங்கினார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பந்துக்காகக் கீழே விழுந்தபோது எதிரணி வீரர் ஒருவர் அவர் காலின் மேல் விழுந்தார். பிப்ரவரியில் அறுவை. அதுவரை ஆடியவை 34. ஏப்ரலில் திரும்பி வந்து ஆடியவை 5. விருது யோகிச்சுக்குப் போயிற்று.

வலியோடு ஆடியதனால்தான் அவ்விபத்து நேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதை நிறுவ எவராலும் இயலாது. சொல்ல வந்தது வேறு. நம் நேரப்படி மறுநாள் மதிய இடைவேளையில் அக்காணொளியைக் கைப்பேசியில் பார்த்தேன். ஏழடி மனிதர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறார். என் மனத்தில் முதலில் எழுந்தது, "இன்னும் 21 ஆட்டம் வேண்டுமே" என்ற எண்ணம். அவருக்கு வலிக்குமே என்ற எண்ணம் இரண்டாவதாகத்தான் வந்தது.

எண்ணின் மறுபக்கம்

எண்ணுகிறவர்க்கு அது எண். எண்ணப்படுகிறவர்க்கு அது அச்சம். 1977-78-இல் போர்ட்லண்ட் அணியின் பில் வால்ட்டன் 58 ஆட்டங்கள் மட்டுமே ஆடியும் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். 65 ஆட்ட விதி அன்று இருந்திருந்தால் அவ்விருது கிடைத்திராது. அப்பருவ முடிவில், பாதத்தில் வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு அவர் களமிறங்கினார். முறிந்திருந்தது எம்பீடுக்கு முறிந்த அதே படகு வடிவ எலும்பு என்பது பின்னரே தெரிந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

அமெரிக்கா வரை போவானேன்? எங்கள் கூடைப்பந்து அணியில் ஆடிய நண்பர் ஒருவர், கணுக்கால் வீங்கியிருந்ததை ஒரு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. காலுறைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினார். ஏன் மறைத்தார் என்று பின்னர் கேட்டேன். "ஒருவாட்டி அடிபட்டவன்னு பேர் விழுந்தா அடுத்த மேட்சுக்குக் கூப்பிட மாட்டாங்க தம்பி" என்றார். அவருக்கு நாங்கள் எவரும் மதிப்பெண் போடவில்லை. ஆனால் யாரோ எண்ணுகிறார்கள் என்ற எண்ணமே அவர் வாயை அடைத்துவிட்டது.

இதில் மதிப்பீடு செய்வோர் கற்கவேண்டிய பாடமும் உண்டு. காயத்தைச் சொல்பவரைத் தண்டித்தால் காயம் குறையாது. காயத்தைப் பற்றிய செய்திதான் குறையும். செய்தி குறைந்தால் நம் கணக்கே பொய்யாகிவிடும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். காயம்படும் வீரரை மதிப்பிடும்போது ஆட்டச் சராசரியை மட்டும் பார்க்கலாகாது. கூட்டுத்தொகையும் போதாது, மாற்று வீரரின் மதிப்பையும் சேர்த்து, நிகராகும் எல்லையைக் காணவேண்டும். எந்த ஆண்டுகளை எண்ணுவது என்பதை விடை தெரியும் முன்பே முடிவு செய்யவேண்டும். விபத்தையும் திரும்ப வரும் நோவையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. இவ்வளவும் செய்த பின்னரும் விடை பிழைக்கலாம். 63 என்று நான் எதிர்பார்த்தேன், 45 என்று தோழன் எதிர்பார்த்தான், நடந்தது 39. எதிர்பார்த்தல் மதிப்பு என்பது பல முறை நிகழ்வதன் சராசரி. ஒரு மனிதருக்கு ஒரு பருவம் ஒரு முறைதான் நிகழ்கிறது.

அவ்வாண்டு பரோட்டாவுக்கு நான்தான் பணம் கொடுத்தேன். தோழன் என் குறிப்பேட்டை வாங்கி, எம்பீட் என்ற பெயருக்கு எதிரே நான் எழுதியிருந்த 63-ஐ அடித்து 39 என்று திருத்தினான். நான் அதன் பக்கத்தில் "இட முழங்கால்" என்று எழுதி வைத்தேன். அடுத்த முறை எவரை மதிப்பிட்டாலும், எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் உடல் இருக்கிறது என்பதை அச்சொல் எனக்கு நினைவூட்டும்.